முடி வெட்டி வந்த நாய் ஏன் மாறிப்போகிறது?

காலையில் வாலை ஆட்டிக்கொண்டு வண்டியில் ஏறிய குட்டி நாய், மாலையில் முடி வெட்டி, குளித்து, மணக்க மணக்கத் திரும்பி வருகிறது. வந்ததும் நேராகக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கண்ணை மட்டும் உருட்டிப் பார்க்கிறது. பிஸ்கட் நீட்டினால் முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. முதுகில் கை வைத்தால் உடம்பைச் சுருக்குகிறது. வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். "ஒட்ட வெட்டிட்டாங்கல்ல, அதான் வெக்கப்படுது" என்கிறாள் மகள். "அங்க எவனோ அடிச்சிருப்பான்" என்கிறார் அப்பா. பாட்டி எதுவும் பேசாமல் உப்பும் மிளகாயும் எடுத்துவந்து சுற்றிப் போடுகிறார்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்து ரிஷிவந்தியத்தைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு இந்தக் காட்சி ஓரளவு புதியது. இங்கே நாய் என்றால் நெடுங்காலமாகக் கொல்லைக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் காவல்தான். கரும்பிலும் மரவள்ளியிலும் பன்றி இறங்கினால் குரைத்து எழுப்பும். ஏரியில் இறங்கி நனையும், வரப்பில் புரண்டு காயும். அதற்கு முடி வெட்ட வேண்டிய தேவையே வந்ததில்லை. நாட்டு நாய்க்கும் சரி, ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை போன்ற தமிழ்நாட்டு இனங்களுக்கும் சரி, உடம்போடு ஒட்டிய குட்டை முடி. ஓரளவு வளர்ந்ததும் தானாக உதிர்ந்துவிடும்.

வெள்ளை வெளேரென்று புசுபுசுவென இருக்கும் சிறு நாய்கள் பிறகு வந்தவை. நம் ஊரில் பொமரேனியன் என்று வளர்க்கப்படுபவற்றில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ் இனம். வெளிநாட்டு நாய்களை இறக்குமதி செய்வது கடினமாக இருந்த 1980களிலும் 90களிலும் அது நாடெங்கும் பரவியது. 1994இல் வெளிவந்த ‘ஹம் ஆப்கே ஹைன் கோன்’ இந்திப் படத்தில் டஃபி என்ற நாயாக நடித்ததும் இந்த இனம்தான். 2003இல் ஹட்ச் தொலைபேசி விளம்பரம் பக் நாயை வீட்டுக்கு வீடு அறிமுகப்படுத்தியது. இப்போது ஷீட்ஸூ, மால்டீஸ், லாசா ஆப்சோ எல்லாம் சிறு ஊர்களுக்கும் வந்துவிட்டன. ஷீட்ஸூ, பூடில் போன்றவற்றின் முடி உதிராமல் நீண்ட காலம் வளர்ந்துகொண்டே இருக்கும். வெட்டாமல் விட்டால் கண்ணை மறைத்து, சடைபிடித்துப் புண்ணாகும். ஆகவே முடி வெட்டிக் குளிப்பாட்டும் ‘கிரூமிங்’ இந்த நாய்களுக்கு ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட முடியாது.

அதற்குப் போய் வந்த பிறகு நாயின் குணம் மாறுவது பொதுவாகக் காணக்கூடியதுதான். பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும். சில நேரம் அது நோயின் முதல் அறிகுறியாகவும் இருக்கும். இரண்டையும் பிரித்தறிய நாயின் முகபாவம் உதவாது. மாற்றம் எத்தனை மணி நேரத்தில் தொடங்கியது, எத்தனை நாள் நீடிக்கிறது, உடம்பின் எந்தப் பகுதியைச் சுற்றி நடக்கிறது என்பவையே உதவும்.

வெட்கப்படுகிறதா?

முதலில் வெட்கத்தைப் பார்த்துவிடலாம். நியூயார்க்கின் பர்னார்டு கல்லூரியைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ், 2009இல் 14 நாய்களை வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டார். வளர்ப்பவர் நாயிடம் தின்பண்டத்தைக் காட்டி, ‘தொடாதே’ என்று சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியே போவார். திரும்பி வரும்போது நாய் தின்றுவிட்டது என்றோ தின்னவில்லை என்றோ ஆய்வாளர் அவரிடம் சொல்வார். சொன்னது சில நேரம் உண்மை, சில நேரம் பொய். தலையைத் தாழ்த்தி, காதை மடக்கி, கண்ணைத் திருப்பிக்கொள்ளும் அந்தக் ‘குற்ற முகம்’ தவறு செய்த நாய்களிடம்தான் அதிகம் தெரியும் என்று எதிர்பார்ப்போம். ஆனால் திட்டு வாங்கிய நாய்களிடம்தான் அது தெரிந்தது. எதையும் தின்னாமல் வீணாகத் திட்டு வாங்கியவற்றிடம் இன்னும் கூடுதலாகத் தெரிந்தது.

நாம் வெட்கம், குற்ற உணர்வு என்று படிக்கும் முகம், நம்முடைய குரலுக்கும் உடல்மொழிக்கும் நாய் தரும் பதில் என்பதே இதன் பொருள். தன் உருவம் மாறிவிட்டது, நாலு பேர் கேலி செய்வார்கள் என்று நாய் வருந்துவதற்குச் சான்று இல்லை. ஆனால் வீட்டில் உள்ளவர்கள் கூடி நின்று சிரிப்பதும், குழந்தைகள் புதிதாக வழவழப்பாகிவிட்ட முதுகை மாறி மாறித் தடவுவதும் ஏற்கெனவே களைத்து வந்த நாய்க்குத் தொந்தரவுதான். அது ஒதுங்கிப் போவது தொந்தரவிலிருந்து தப்பிக்க.

மூக்குக்கு நேர்ந்தது

மனிதர் மூக்கில் வாசனை அறியும் ஏற்பிகள் சில மில்லியன் என்றால், நாய்க்கு அவை நூறு மில்லியனைத் தாண்டும். தன் உடம்பின் மணமும் அந்த மூக்குக்குத் தெரியும். இதே ஹோரோவிட்ஸ் 2017இல் 36 நாய்களிடம் நடத்திய ஆய்வில், நாய்களுக்கு அவற்றின் சொந்தச் சிறுநீர் மணமும், அதே சிறுநீரோடு வேறொரு மணம் கலந்த மாதிரியும் முகரக் கொடுக்கப்பட்டன. மணம் மாற்றப்பட்ட மாதிரியையே நாய்கள் அதிக நேரம் முகர்ந்தன. தன் மணம் எது, அதில் எது புதிதாகச் சேர்ந்திருக்கிறது என்பதை நாய் கவனிக்கிறது.

ஷாம்பு, கண்டிஷனர், கடைசியில் அடிக்கும் நறுமண ஸ்பிரே ஆகிய மூன்றும் சேர்ந்து அந்தச் சொந்த மணத்தை மூடிவிடுகின்றன. நமக்கு ரோஜாவோ லாவெண்டரோ இனிக்கும். நாய்க்கு அது தன் தோலிலிருந்தே கிளம்பும், தப்ப முடியாத அந்நிய வாசம். வீட்டுக்கு வந்ததும் மண்ணிலும் பாயிலும் புரள்வதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. ஈரத்தை உலர்த்திக்கொள்வதற்காகவும் புரளலாம். வீட்டில் இன்னொரு நாயோ பூனையோ இருந்தால், அது திரும்பி வந்த நாயைச் சுற்றிச் சுற்றி முகரும், சில நேரம் உறுமும். பழைய மணம் மெல்ல மெல்ல மீளும்போது இரண்டும் சமாதானமாகிவிடும். இந்த மாற்றத்துக்கு ஓரிரு நாள் ஆயுள்தான். வாசனை ஸ்பிரே வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதித் தொந்தரவு குறையும்.

மேசை மீது அந்த ஒரு மணி நேரம்

ஊரிலேயே வசதி இல்லாதவர்கள் கள்ளக்குறிச்சிக்கோ விழுப்புரத்துக்கோ சேலத்துக்கோ நாயைக் கொண்டுபோகிறார்கள். ரிஷிவந்தியத்திலிருந்து சேலம் போக இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வண்டியில் வாந்தி, வழியெல்லாம் லாரி ஒலிப்பான், போய்ச் சேர்ந்ததும் கூண்டு, பக்கத்துக் கூண்டில் பயந்து குரைக்கும் இன்னொரு நாய். கத்தரி படுவதற்கு முன்பே நாயின் உடம்பு எச்சரிக்கை நிலைக்கு வந்துவிடுகிறது.

பிறகு சத்தம். மனிதர் காது ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். நாயின் காது 45,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். கிளிப்பர் இயந்திரமும் வேகமாகக் காற்றடிக்கும் டிரையரும் நமக்குக் கேட்கும் இரைச்சலோடு, நம் காதுக்கு எட்டாத மேல் ஒலிகளையும் எழுப்பக்கூடும். அவை தலைக்கு அருகிலேயே ஓடுகின்றன. கழுத்தில் வளையம் மாட்டியிருப்பதால் விலக வழியில்லை.

இந்த நிலையில் முதலில் அட்ரினலின் சுரந்து இதயத் துடிப்பை ஏற்றுகிறது. அடுத்து கார்ட்டிசால் சுரந்து, உடம்பில் சேமித்து வைத்த சக்தியை எடுத்துச் செலவு செய்ய வைக்கிறது. அட்ரினலின் சில நிமிடங்களில் அடங்கும். கார்ட்டிசால் அடங்க மணிக்கணக்காகும். அதனால்தான் வீட்டுக்கு வந்த நாய் நீண்ட நேரம் தூங்குகிறது. சில நாய்கள் நேர்மாறாக, கூடத்திலும் வாசலிலும் தலைதெறிக்க ஓடிச் சுற்றிவிட்டுப் பொத்தென்று விழுந்து படுக்கும். அடக்கி வைத்த பதற்றம் வெளியேறும் விதம் அது. இரண்டுமே இயல்பு. அன்று இரவு அமைதியான மூலையும் குடிக்கத் தண்ணீரும் கிடைத்தால் மறுநாள் காலை தெளிந்துவிடும்.

சுவீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் 58 நாய்களின் முடியையும் அவற்றை வளர்க்கும் பெண்களின் தலைமுடியையும் வெட்டி எடுத்துக் கார்ட்டிசால் அளவைப் பார்த்தார்கள். முடி வளரும்போது இரத்தத்தில் உள்ள கார்ட்டிசால் அதில் படிந்துவிடுவதால், ஒரு கொத்து முடியை வைத்துப் பல மாத மனஅழுத்தத்தைக் கணக்கிடலாம். வளர்ப்பவரின் அழுத்தம் கூடியிருந்த வீட்டில் நாயின் அளவும் கூடியிருந்தது. வாசலில் நின்று ‘என்ன செய்யப்போகிறார்களோ’ என்று நாம் தவிப்பதும் நாய்க்குப் போய்ச் சேரும் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

"ஒரு சத்தம் போடல, சமத்தா நின்னுச்சு" என்று முடி வெட்டுபவர் சொன்னால் நாம் மகிழ்கிறோம். அங்கே சற்று நிதானிக்க வேண்டும். அமெரிக்காவில் மார்ட்டின் செலிக்மேன், ஸ்டீவன் மெயர் ஆகிய இருவரும் 1967இல் வெளியிட்ட சோதனைகளில், எதைச் செய்தாலும் மின்னதிர்ச்சியிலிருந்து தப்ப முடியாது என்று ஒருமுறை அனுபவப்பட்ட நாய்களில் பெரும்பாலானவை, பிறகு தப்பும் வழி திறந்திருந்தபோதும் முயலாமல் படுத்துக்கிடந்தன. இன்று அப்படியொரு சோதனையை யாரும் ஏற்க மாட்டார்கள். ஆனால் அது சொன்ன உண்மை நிற்கிறது. அசையாமல் நிற்பது நிம்மதியின் அடையாளமாக இருக்க வேண்டியதில்லை. வால் கால்களுக்கிடையே ஒடுங்கியிருந்ததா, உதட்டை நக்கிக்கொண்டே இருந்ததா, கண்ணின் வெள்ளை தெரிந்ததா, நடுங்கியதா என்று கேட்டால் உண்மை நிலவரம் தெரியும்.

வலிக்கும் இடம் எது?

இரண்டாம் நாளும் நாய் ஒதுங்கியே இருந்தால் மனதை விட்டு உடம்பைத் தேட வேண்டும். நாயின் மேல்தோல் மனிதத் தோலைவிட மெல்லியது. நமக்குப் பத்துப் பதினைந்து அடுக்கு செல்கள் உள்ள இடத்தில் நாய்க்கு மூன்று முதல் ஐந்துதான். நம் தோல் சற்று அமிலத்தன்மை கொண்டது. நாயின் தோல் நடுநிலையை ஒட்டியது. மனிதர்களுக்கான ஷாம்பு அதற்குப் பொருந்தாததற்கு இதுவே காரணம். சூடேறிய கிளிப்பரின் பல் உரசினால் சிவந்து எரியும். வயிறு, தொடையிடுக்கு, பிட்டம், கழுத்தடி ஆகிய இடங்களில் இது அதிகம் நேரும். நாய் உட்கார்ந்தவுடன் எழுந்துவிடும், ஒரே இடத்தை நக்கிக்கொண்டே இருக்கும். வெளிச்சத்தில் முடியை விலக்கிப் பார்த்தால் சிவப்பு தெரியும்.

பின்புறத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டு ஊர்ந்தால் குதத்தின் இருபுறமும் உள்ள சுரப்பிப் பைகளைப் பிதுக்கியிருக்கலாம். சில இடங்களில் கேட்காமலேயே இதைச் செய்வார்கள். அழுத்திப் பிதுக்கினால் வீங்கி எரியும், ஒரு நாளில் தணியும். தணியாவிட்டால் சீழ் கட்டியிருக்கலாம். தொந்தரவு இல்லாத நாய்க்கு இதை வழக்கமாகச் செய்ய வேண்டியதே இல்லை.

பாதத்தை நக்கினால் நகத்தைப் பாருங்கள். நகத்துக்குள் இரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகின்றன. கறுப்பு நகத்தில் அது கண்ணுக்குத் தெரியாது, வெட்டுப்பட்டுவிடும். தலையை உதறி, ஒருபக்கம் சாய்த்தால் காது. நாயின் காதுக்குழாய் முதலில் கீழ்நோக்கி இறங்கிப் பிறகு உள்ளே வளைவதால், புகுந்த தண்ணீர் எளிதில் வெளியேறாது. ஓயாமல் உதறினால் காதுமடலுக்குள் இரத்தம் கட்டி வீங்கவும் கூடும். ஒரு கண்ணை இடுக்கினாலோ தண்ணீர் வடிந்தாலோ அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். பக், ஷீட்ஸூ போன்று கண் பிதுங்கிய நாய்களுக்கு ஷாம்போ வெட்டிய முடித்துணுக்கோ கருவிழியில் புண் உண்டாக்கும். புண் ஆழமானால் பார்வையே போகும்.

சிறு நாய்களுக்கென்றே இரண்டு பலவீனங்கள் உண்டு. ஒன்று, மூச்சுக்குழாய். பொமரேனியன் போன்றவற்றில் அதன் குருத்தெலும்பு வளையங்கள் தளர்ந்திருக்கக்கூடும். கழுத்து வளையம் இழுபட்டால் வாத்து கத்துவது போன்ற வறட்டு இருமல் வரும். மற்றொன்று, முழங்கால் சில்லு. பின்னங்காலைப் பக்கவாட்டில் தூக்கிப் பிடிக்கும்போது அது இடம் விலகக்கூடும். மூன்று காலில் துள்ளி நடந்து, பிறகு நான்காவதை ஊன்றும் நாய்க்கு இதுதான் பெரும்பாலும் கோளாறு.

கத்திரி வெயிலில் மொட்டை

சித்திரை பிறந்தால் "பாவம், வேகுது, மொட்டை அடிச்சு விடுங்க" என்று ஸ்பிட்ஸைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. கள்ளக்குறிச்சி வெயிலைப் பார்த்தால் நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் ஸ்பிட்ஸுக்கும் பொமரேனியனுக்கும் இரண்டடுக்கு முடி. வெளியே நீண்ட விறைத்த முடி, உள்ளே பஞ்சு போன்ற முடி. இடையில் தங்கும் காற்று, கூரை வீட்டுக்குக் கீற்றுப்போல, வெளியிலிருந்து வரும் வெப்பத்தையும் தடுக்கிறது, உள்ளிருக்கும் வெப்பத்தையும் காக்கிறது. நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. வியர்வைச் சுரப்பிகள் முக்கியமாகப் பாதத்தில்தான் வேலை செய்கின்றன. நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துத்தான் அது வெப்பத்தை வெளியேற்றுகிறது. மொட்டையடித்தால் வெயில் நேராக வெளிர்த் தோலில் விழுந்து சுடும். வேண்டியது உள்முடியைச் சீவி எடுப்பது, நிழல், தண்ணீர் ஆகியவைதான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த இனங்களில் ஒட்ட வெட்டிய முடி சில நேரம் திரும்ப வளர ஆறு மாதம் முதல் ஓராண்டுக்கு மேலும் ஆகும். அதுவும் நிறம் மாறி, திட்டுத் திட்டாக வரலாம்.

குளிர் இதைவிட வேகமாகத் தாக்கும். உடம்பின் வெப்பம் அதன் பருமனில் உண்டாகி, பரப்பின் வழியே வெளியேறுகிறது. உடல் சிறிதாகச் சிறிதாகப் பருமனுக்குப் பரப்பின் விகிதம் கூடும். மூன்று கிலோ நாய் முப்பது கிலோ நாயைவிட விரைவாகச் சில்லிடுவதற்குக் காரணம் இதுதான். மார்கழியில் கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைப் பக்கம் வசிப்பவர்களும், ஐப்பசி மழையில் ஈரத்தரையில் நாயைப் படுக்கவைப்பவர்களும் இதை நினைவில் கொள்ள வேண்டும். முடி இழந்த நாய் சுருண்டு படுத்து நடுங்கினால், விளையாட மறுத்தால், கோபித்துக்கொண்டது என்று நினைக்காமல் ஒரு சாக்கோ கம்பளியோ விரித்துக்கொடுங்கள். சிலவற்றுக்கு அதுவே போதும்.

அதே மணி நேரத்தில் மருத்துவரைத் தேட வேண்டியவை

வந்த சில மணி நேரத்திலேயே நாய் தள்ளாடினால், எழுப்பியும் விழிக்காமல் மயங்கினால், களைப்பு என்று விட்டுவிடக் கூடாது. மூன்று காரணங்களைச் சந்தேகிக்க வேண்டும்.

முதலாவது, உண்ணி மருந்து. நம் பக்கம் உண்ணித் தொல்லை அதிகம். அது பரப்பும் எர்லிக்கியா, பாபேசியா ஆகிய நோய்கள் நாயைக் கொல்லக்கூடியவை. ஆகவே குளிப்பாட்டும்போது மருந்து கலப்பது வழக்கம். அவற்றில் அமிட்ராஸ் என்னும் மருந்து, அளவு கூடினாலோ நாய் நக்கி விழுங்கினாலோ, விழிப்பைக் காக்கும் நரம்புச் செய்தியை மட்டுப்படுத்திவிடும். தூக்கம், மெதுவான இதயத்துடிப்பு, வாந்தி, உடல் சில்லிடுதல் எல்லாம் வரும். மிகச் சிறிய நாய்களும் குட்டிகளும் எளிதில் பாதிக்கப்படும். முறிமருந்து உண்டு. ஆனால் எந்த மருந்து கலந்தார்கள் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அடங்காத நாய்க்கு மயக்க மாத்திரை கொடுத்தார்களா என்பதையும் கேளுங்கள். அசிப்ரோமசைன் போன்ற மருந்து உடம்பை ஒடுக்குமே தவிர, உள்ளிருக்கும் பயத்தை எடுப்பதில்லை. மருத்துவர் சொல்லாமல் யாரும் அதைக் கொடுக்கக் கூடாது.

இரண்டாவது, இரத்தச் சர்க்கரை இறங்குதல். நான்கு மாதத்துக்கு உட்பட்ட சிறு இனக் குட்டியின் கல்லீரலில் சர்க்கரைச் சேமிப்பு மிகக் குறைவு. வண்டியில் வாந்தி எடுக்கும் என்று பட்டினியாக அழைத்துப்போனால், பயமும் குளிரும் சேர்ந்து இருந்ததையும் கரைத்துவிடும். தள்ளாட்டம், பிறகு வலிப்பு. விழுங்கும் நிலையில் இருந்தால் ஈறில் சிறிது தேனோ சர்க்கரைக் கரைசலோ தடவிக்கொண்டே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

மூன்றாவது, வெப்பத்தாக்கு. பக், ஷீட்ஸூ ஆகியவற்றுக்கு மூக்கு சப்பை, மூச்சுவழி குறுகல். சூடான காற்றடிக்கும் கூண்டிலோ கண்ணாடி ஏற்றிய காரிலோ அடைத்துவைத்தால், மூச்சிரைத்தும் உடம்பு குளிராது. நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸை ஒட்டியது. அது 41ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து.

இரண்டு மூன்று நாள் கழித்து

நன்றாகத் திரும்பி வந்து, ஒரு நாள் விளையாடி, இரண்டாம் அல்லது மூன்றாம் நாள் திடீரென்று முதுகைத் தொடவிடாமல் கத்தும் நாயை முதுகெலும்பு வலி என்றுதான் எவரும் நினைப்பார்கள். கிறிஸ்டின் கெய்ன், எலிசபெத் மால்டின் இருவரும் 2015இல் 22 நாய்களின் மருத்துவப் பதிவுகளைத் தொகுத்து வெளியிட்ட ஆய்வு இதன் இன்னொரு காரணத்தைத் தெளிவாக்கியது. குளிப்பாட்டும்போது முடியை எதிர்ப்புறமாக அழுத்தித் தேய்த்தால் மயிர்க்கால்களில் நுண்ணிய சிதைவு ஏற்படுகிறது. அதில் கிருமி புகுந்து ஆழமான கொப்புளங்கள் கிளம்புகின்றன. காய்ச்சல், சோர்வு, கடும் வலி. பெரும்பாலும் கிடைத்த கிருமி சூடோமோனாஸ். ஈரமான இடங்களில் செழிக்கும் இந்தக் கிருமி, தண்ணீர் கலந்து நாள்கணக்கில் வைத்த ஷாம்புவிலும் பெருகும். செலவைக் குறைக்க ஒரு கேனில் ஷாம்புவைக் கரைத்து வாரக்கணக்கில் ஊற்றும் இடமானால், மறுபடி அங்கே போகாதீர்கள். வலிமாத்திரையில் இது தீராது. கிருமியைச் சோதித்து அதற்கேற்ற மருந்து தர வேண்டும்.

இரண்டு நாள் முதல் இரண்டு வாரத்துக்குள் வறட்டு இருமல் தொடங்கினால், பக்கத்துக் கூண்டு நாயிடமிருந்து தொற்றிய இருமல் நோயாக இருக்கலாம். இதற்குத் தடுப்பூசி உண்டு.

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். வெறிநோய் இன்னும் ஒழியாத நாட்டில் வாழ்கிறோம். தடுப்பூசி போடாத நாய் திடீரெனக் கடிக்க வந்தாலோ, இருட்டு மூலையில் ஒடுங்கி எச்சில் ஒழுக்கினாலோ, தாடை தொங்கினாலோ, முடி வெட்டியதுதான் காரணம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கடிபட்டால், கீறல்தான் என்றாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். அறிகுறி தெரிந்த பிறகு வெறிநோய்க்கு மருந்து இல்லை.

நல்லதற்கும் மாறும்

மாற்றம் எப்போதும் கெடுதலாகவே இருக்காது. சடைபிடித்த முடி ஒவ்வோர் அசைவிலும் தோலை இழுக்கிறது. ஒவ்வொரு மயிர்க்காலையும் நரம்பு முனைகள் சூழ்ந்திருப்பதால் அந்த இழுவை ஓயாத வலி. அதன் அடியில் ஈரம் தேங்கிப் புண்ணும் உண்ணியும் இருக்கும். சடை நீங்கியதும், ‘வயசாயிடுச்சு, சோம்பேறி’ என்று நினைத்த நாய் குட்டியைப் போலத் துள்ளுவதைப் பலர் பார்த்திருக்கிறார்கள். கண்ணை மூடிய முடி விலகியதும், கை நீட்டினால் கடித்துக்கொண்டிருந்தது சாந்தமாவதும் உண்டு. அது எதிரே வரும் கையைப் பார்க்க முடியாமல் திடுக்கிட்டுக் கடித்திருக்கும்.

பயத்தை அவிழ்ப்பது

உடம்பில் ஒரு கோளாறும் இல்லை, ஆனாலும் அடுத்த முறை வண்டிச் சத்தம் கேட்டதும் நாய் ஓடி ஒளிகிறது என்றால், அது நினைவின் வேலை. செரிமான ஆய்வுக்காக 1904இல் நோபல் பரிசு பெற்ற ரஷ்ய அறிஞர் பாவ்லோவ், உணவோடு சேர்ந்து வரும் ஒலிக்கே நாய்க்கு எச்சில் ஊறும் என்று காட்டினார். வலியோடு சேர்ந்து வரும் ஒலிக்கும் மணத்துக்கும் அதே விதி பொருந்தும். வலியைக் கற்க ஒரே முறை போதும். மறக்கப் பல முறை வேண்டும்.

அவிழ்க்கும் வழியை 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர் காட்டினார். முயலைக் கண்டு அஞ்சிய மூன்று வயதுகூட நிரம்பாத பீட்டர் என்ற சிறுவனுக்கு, பிடித்த தின்பண்டம் கொடுத்தபடியே முயலைச் சிறிது சிறிதாக அருகில் கொண்டுவந்தார். கடைசியில் அவன் முயலைத் தொட்டு விளையாடினான். நாய்க்கும் இதையே செய்யலாம். சீப்பைக் காட்டி ஒரு துண்டு வேகவைத்த கோழி. பாதத்தைத் தொட்டு இன்னொரு துண்டு. அணைத்த டிரிம்மரை உடம்பில் வைத்து ஒன்று, தள்ளி வைத்து ஓடவிட்டு ஒன்று. நாய் விலகினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். வற்புறுத்தினால் பழைய பயம் இரட்டிப்பாகும். தினமும் சில நிமிடம், சில வாரம். குட்டியிலேயே தொடங்கினால் இன்னும் எளிது.

முடி வெட்டும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நான்கு கேள்விகள் கேளுங்கள். உடனிருந்து பார்க்க விடுவார்களா? எந்த ஷாம்பு, எந்த உண்ணி மருந்து, எப்போது கலந்தது? கிளிப்பர் பல்லை நாய்க்கு நாய் கழுவுகிறார்களா? நாய் மிரண்டால் பாதியில் நிறுத்திவிட்டு இன்னொரு நாள் வரச்சொல்வார்களா? கடைசிக் கேள்விக்கு ‘ஆமாம்’ என்று சொல்பவர் தொழில் தெரிந்தவர். போகும் முன் தடுப்பூசியை முடித்துவிடுங்கள். நாயின் முழங்கால், தொண்டை, தோல் பற்றித் தெரிந்ததைச் சொல்லிவிடுங்கள்.

திரும்பி வந்ததும் நேரத்தைக் குறித்துக்கொண்டு, உச்சி முதல் பாதம் வரை ஒருமுறை தடவிப் பாருங்கள். காதை முகருங்கள், நகத்தை எண்ணுங்கள், வயிற்றைத் திருப்புங்கள். தூக்கமும் ஒதுக்கமும் ஒரு நாளில் போனால் களைப்பு. 48 மணி நேரத்தைத் தாண்டினாலோ, சாப்பாடு தண்ணீர் இறங்காவிட்டாலோ, ஒரே இடத்தைத் தொடும்போது மட்டும் கத்தினாலோ அது மருத்துவர் பார்க்க வேண்டிய கோளாறு. அரசுக் கால்நடை மருந்தகம் அருகிலேயே இருக்கும். சின்னசேலத்தைத் தாண்டினால் தலைவாசலில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. சுற்றிப் போட்ட மிளகாய் பாட்டியின் அன்பு, அதில் குற்றமில்லை. அதோடு நிறுத்திவிடாமல் நாயின் காதையும் ஒருமுறை தூக்கிப் பார்த்துவிடுங்கள்.